அனுமதிக்குக் கட்டும் பணம்: வடசென்னைக் கடைகளிலும் பட்டறைகளிலும் நான் பார்க்கும் தவறுகள்

காசிமேட்டில் ஒரு அக்கா இருக்கிறார். நெத்திலிக் கருவாடு வாங்கி, மண் போகச் சலித்து, தலை கிள்ளி, கால் கிலோ பொட்டலமாகப் போட்டு மளிகைக் கடைகளுக்குக் கொடுப்பவர். போன வருஷம் என்னிடம் இரண்டு காகிதங்களை நீட்டினார். ஒன்று உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழ், ஒரு வருடத்துக்கானது. இன்னொன்று பிரவுசிங் சென்டரில் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு: "பதிவு 1,800". அவரைப் போன்ற சிறு வணிகருக்கு 2011ஆம் ஆண்டு விதிமுறைகள் வைத்த பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். மீதி 1,700 ரூபாய் எந்த அரசுக் கணக்கையும் போய்ச் சேரவில்லை. ஆனால் அக்காவின் மனதில் "கவர்மென்ட் ஆயிரத்து எண்ணூறு வாங்கிடுச்சு" என்றுதான் பதிந்திருந்தது.

தண்டையார்பேட்டைப் பக்கம் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதுகிறவன் நான். இங்கே நடக்கும் முதல் தவறு இதுதான். அனுமதி வாங்கக் கொடுத்த மொத்தப் பணத்தையும் ஒரே தொகையாக நினைத்துக்கொள்கிறோம். அரசுக் கட்டணம், ஏஜென்ட் கூலி, வரி, செஸ் (ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்றே வசூலிப்பது) எல்லாம் ஒரே மூட்டையாகிவிடுகிறது. எது எதற்காக என்று தெரியாவிட்டால், எங்கே கேள்வி கேட்பது, எங்கே கட்டியே ஆகவேண்டும் என்பதும் தெரியாது. ஆன்லைனில் பணம் கட்டியதும் வரும் ரசீதை உங்கள் செல்போனிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்டுக்குக் கொடுப்பதைத் தனியாக எழுதுங்கள்.

சரி, அரசு ஏன் இந்தக் கட்டணத்தை வாங்குகிறது? ஒரு விண்ணப்பம் வந்தால் அதைப் படிக்க ஆள் வேண்டும், இடத்தைப் பார்க்க அதிகாரி வரவேண்டும், மாதிரி எடுத்தால் ஆய்வகம் வேண்டும். இந்தச் செலவை ஊர் மொத்தத்தின் வரிப்பணத்திலிருந்து எடுக்காமல், அனுமதி கேட்பவரிடமிருந்தே முழுதாகவோ ஒரு பகுதியாகவோ வாங்குவதுதான் கட்டணம். வரி அப்படிப்பட்டதில்லை, பொதுச் செலவுக்கானது. இந்த வேறுபாட்டை நம் நாட்டில் தெளிவாக்கிய பெரிய வழக்கு நம் மாநிலத்துச் சட்டத்தைப் பற்றியதுதான். 1951ஆம் ஆண்டு மதராஸ் அறநிலையச் சட்டம், மடங்களும் கோயில்களும் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை அரசுக்குச் செலுத்தவேண்டும் என்றது. அப்போது மதராஸ் மாநிலத்தில் இருந்த உடுப்பியின் சிரூர் மடம் வழக்குப் போட்டது. அந்தப் பணம் அரசின் பொதுக் கருவூலத்தில் கலக்கிறது, செலுத்துகிறவருக்குச் செய்யும் பணியோடு அதற்குத் தொடர்பு வைக்கப்படவில்லை, ஆகவே இது கட்டணமாகாது, வரி என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வரியைப் போட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று அந்தப் பிரிவும் விழுந்தது.

இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள், "நான் கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் வேலை காட்டு" என்று அலுவலகத்தில் சண்டைக்குப் போகிறார்கள். அதுவும் தவறு. பின்னால் வந்த தீர்ப்புகள், கட்டணமும் சேவையும் பைசாவுக்குப் பைசா பொருந்தவேண்டியதில்லை, பரந்த ஒரு தொடர்பு இருந்தால் போதும் என்று நிலைப்படுத்திவிட்டன. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அக்காவின் 100 ரூபாயில் ஒரு அதிகாரி காசிமேடு வந்துபோகும் செலவுகூடத் தேறாது. சிறியவர்களுக்காகப் பொதுப்பணம் அந்தச் சுமையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. அது அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது, கட்டணத்தைக் குறைக்கக் கணக்கைச் சுருக்குவது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைக்கான (தொழில் நடத்த வாரியம் தரும் அனுமதி) கட்டணம், மாசின் அளவை வைத்துப் பிரித்ததில் தொழில் எந்த வண்ணப் பிரிவு என்பதையும், நிலம், கட்டடம், இயந்திரம் சேர்ந்த மொத்த நிலைச் சொத்து மதிப்பையும் பொறுத்தது. பெரிய தொழிலைப் பரிசீலிக்க வேலை அதிகம், ஆகவே கட்டணமும் அதிகம். கொருக்குப்பேட்டையில் பவுடர் கோட்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர், வங்கிக் கடனுக்கு இயந்திரங்களின் மதிப்பை 40 லட்சம் என்று காட்டிவிட்டு, இசைவாணை விண்ணப்பத்தில் 18 லட்சம் என்று எழுதினார். வாரியத்தில் ஆடிட்டரின் சான்றைக் கேட்டபோது இரண்டு தாள்களும் ஒரே மேசையில் வந்து உட்கார்ந்தன. கட்டணத்தில் மிச்சம் பிடிக்க நினைத்தது சில ஆயிரம். இழந்தது நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் அவரிடம் வேலை பார்த்த மூன்று பையன்களுக்குப் பாதிச் சம்பளம்தான். மதிப்பை உள்ளபடி எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் முதலில் உங்கள் தொழிலின் வண்ணப் பிரிவைப் பாருங்கள். வெள்ளைப் பிரிவாக இருந்தால் இசைவாணையே தேவைப்படாது, வாரியத்துக்குத் தகவல் கொடுத்தால் போதும்.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று. திட்ட அனுமதிக்கான கட்டணப் பட்டியலில் வளர்ச்சிக் கட்டணம் போன்றவற்றோடு, கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நல நிதி என்று ஒரு தொகையும் இருக்கலாம். அது உங்கள் வரைபடத்தைச் சரிபார்த்ததற்கான கட்டணம் இல்லை. 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் கொண்டுவந்தது, கட்டுமானத் தொழிலாளர் நலனுக்காக வசூலிக்கும் செஸ். அனுமதி கொடுக்கும் இடத்திலேயே பிடித்துக்கொள்வதால் எல்லாம் ஒன்று போலத் தெரிகிறது. அந்தப் பணத்தின் பலன் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கிடைக்கவேண்டுமென்றால், அவர்கள் நலவாரியத்தில் பதிந்திருக்கவேண்டும். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவரிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மாதவரம் பக்கம் கேன் தண்ணீர் நிறுவனம் தொடங்குகிறவர்கள் இன்னொரு இடத்தில் சறுக்குகிறார்கள். விண்ணப்பக் கட்டணத்தை மட்டும் கணக்குப் போடுகிறார்கள். ஐஎஸ்ஐ முத்திரையைப் பொருளில் போட்டுக்கொள்வதற்கு மார்க்கிங் கட்டணம் என்று ஒன்று உண்டு. உற்பத்தி கூடக் கூட அதுவும் கூடும், கொஞ்சமாகத் தயாரித்தாலும் குறைந்தபட்சத் தொகை உண்டு. வேறு நாடுகளிலும் இதுபோன்ற முறை உண்டு. ஆஸ்திரேலியாவில் பூச்சிமருந்தைப் பதிவு செய்ய விண்ணப்பக் கட்டணம் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும், மீதியை ஆண்டுதோறும் விற்பனையின்மேல் தீர்வையாக வாங்குகிறார்கள். 2024 அக்டோபரில் கேன் தண்ணீருக்கு ஐஎஸ்ஐ கட்டாயம் என்பது நீக்கப்பட்டதும், "இனி யாரும் கேட்கமாட்டார்கள்" என்று சிலர் நினைத்தார்கள். அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை அதிக அபாய உணவுப் பட்டியலில் சேர்த்தது. ஆய்வும் தணிக்கையும் முன்பைவிடக் கெடுபிடி. ஒரு கட்டணம் போனால் கண்காணிப்பும் போய்விட்டது என்று கணக்குப் போடாதீர்கள்.

என்னை மிகவும் வருத்தும் தவறு, பணம் கட்டியதால் அனுமதி நம் உரிமை என்ற எண்ணம். "கட்டிட்டேன் சார், கொடுக்கவேண்டியதுதானே." கட்டியது பரிசீலனைக்கு. முடிவு எப்படி வந்தாலும் பரிசீலனை நடந்திருக்கும், அதனால்தான் பல இடங்களில் நிராகரித்தாலும் பணம் திரும்புவதில்லை. அமெரிக்காவில் 1992 முதல் மருந்து நிறுவனங்களிடம் கட்டணம் வாங்கி, மருந்தைப் பரிசீலிக்கும் ஆட்களைக் கூட்டினார்கள். அனுமதி வேகமாக வந்தது. கூடவே, பணம் தருகிறவருக்கு அதிகாரி வளைந்துவிடுவாரோ என்ற கேள்வியும் வந்தது, இன்றும் இருக்கிறது. நமக்கு அந்தக் கேள்வி தூரத்து விஷயம் இல்லை. 2023 டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோது, மீனவர்கள் வாளியும் கையுமாக அதை அள்ளினார்கள். அலையாத்தி மரங்களின் வேர்களில் கறுப்பாக ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். இசைவாணைக் கட்டணம் எவ்வளவு கட்டியிருந்தாலும் அது மாசுபடுத்துவதற்கான விலை ஆகாது. சேதத்துக்குச் சுற்றுச்சூழல் இழப்பீடு என்று தனியாக உண்டு.

கடைசியாகப் புதுப்பித்தல். கெடு தேதியைத் தவறவிட்டால் கட்டணத்தோடு தாமதக் கட்டணமும் சேரும், அது அசலையே தாண்டிவிடலாம். அக்காவின் வீட்டு நாள்காட்டியில் நானே அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு வட்டம் போட்டுவைத்தேன். இந்த முறை அவர் மகள் போனிலிருந்தே கட்டினாள். ரசீதில் 100 என்று இருந்தது.