நாஞ்சில் நாட்டின் பழைய கிழக்கு எல்லையைத் தேடுவது எப்படி

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, நாஞ்சில் நாடு என்று வழங்கும் நாகர்கோவில் பகுதிக்குள் வருகிறவர்களுக்கு அங்கே ஒரு நாடு முடிந்து இன்னொரு நாடு தொடங்கியது இன்று தெரிவதில்லை. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எல்லை களியக்காவிளைப் பக்கம் போனது. அதற்கு முன் பல நூற்றாண்டு வேணாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும், பிறகு திருவிதாங்கூருக்கும் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்சிக்கும் நடுவே கிடந்த இந்தக் கிழக்கு ஓரம் பேச்சிலிருந்தே போய்விட்டது. உங்கள் ஊர் அந்த ஓரத்தில் இருந்தால் அதன் கதையைக் கண்டெடுக்க வழி உண்டு.

முதல் வேலை, ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொண்டு அதன் பழைய பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதுவது. ஆட்சி மாறும்போது பெயரும் மாறியிருக்கும். சோழர் காலத்தில் கோட்டாறு மும்முடிச்சோழநல்லூர், சுசீந்திரம் சுந்தரசோழச் சதுர்வேதிமங்கலம். அக்காலக் கல்வெட்டுகள் நாஞ்சில் நாட்டை ‘இராஜராஜப் பாண்டிநாட்டு உத்தமசோழ வளநாட்டு’ என்று பாண்டிநாட்டுக்குள் வைத்துச் சொல்கின்றன. பின்னால் வேணாட்டு அரசர்களும் அதே கோயில்களில் கல்லில் எழுதினார்கள். ஆகவே ‘எங்கள் ஊர் எந்த நாடு’ என்று ஒற்றைக் கேள்வி கேட்டால் தவறான பதில்தான் வரும். ‘எந்த ஆண்டில்’ என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஆண்டில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். இங்குள்ள ஓலை, பத்திரம், கல்வெட்டு பலவற்றில் மலையாள நாட்டின் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். அந்த ஆண்டு ஆவணி 1-ல், அதாவது சிங்க மாதத்தில், பிறக்கும். ஆங்கில ஆண்டு தெரிய, ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை 824 கூட்டுங்கள், அதன் பிறகு ஆடி முடிய 825. திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பி கும்பினிக்கு எதிராக விடுத்த குண்டறை விளம்பரம் (அறிக்கை) கொல்லம் 984 தை 1. 825 கூட்டினால் 1809 ஜனவரி, சரி. 824 கூட்டினால் 1808, ஒரு வருடம் தப்பு. தாலுகாக்கள் இணைந்தது கொல்லம் 1132 ஐப்பசி. அதற்கு 825 கூட்டினால் 1957 என்று வரும், அதுவும் தப்பு. மார்கழித் தேதிகளைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். சில நூற்றாண்டுகளுக்கு முன் மாதப்பிறப்பு இன்றைய ஆங்கிலத் தேதியில் விழவில்லை. பழைய பஞ்சாங்க அட்டவணையில் அந்த நாளைத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பாண்டியர் கல்வெட்டில் ‘ஐந்தாவதின் எதிர் மூன்றாவது’ என்று வந்தால் அது எட்டாம் ஆட்சியாண்டு, இரண்டையும் கூட்ட வேண்டும்.

பத்திரம் கையில் கிடைத்தால் முதலில் முத்திரையைப் பாருங்கள். சங்கு இருந்தால் திருவிதாங்கூர்ப் பத்திரம். அடுத்து காசு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். எல்லையோர வியாபாரக் கணக்கில் இந்த அரைச் சக்கரத்தைக் கவனிக்காமல் விட்டால் கூட்டல் ஒருபோதும் சரிவராது. உத்தியோகப் பெயர்களும் இரண்டு பக்கமும் வேறு. திருவிதாங்கூர்ப் பக்கம் கிராம அளவில் ‘பகுதி’, அதற்கு அதிகாரி பார்வத்தியக்காரர். தாலுகாவுக்குப் பழைய பெயர் மண்டபத்தும்வாதுக்கல், அதன் தலைவர் காரியக்காரர். திருநெல்வேலிப் பக்கம் கிராமத்துக்குக் கர்ணம், தாலுகாவுக்குத் தாசில்தார். ஊரில் எவரும் கேள்விப்படாத பதவிப் பெயர் வந்தால் அதைப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள், ஆவணம் எந்தப் பக்கத்தது என்பதற்கு அதுவே அடையாளம்.

எழுத்தும் அப்படித்தான். வட்டெழுத்து, அதிலிருந்து வந்த மலையாண்மை, கோலெழுத்து, இவற்றோடு தமிழ், கிரந்தம் என எல்லாம் கலந்து வரும். அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளில் தமிழும் மலையாளமும் ஒரே வரியில் புழங்குவதைப் பார்க்கலாம். தமிழ் மட்டும் தெரிந்தவரும் மலையாளம் மட்டும் தெரிந்தவரும் தனித்தனியே படித்தால் இரண்டு பாதிதான் கிடைக்கும். இருவரையும் ஒரே ஓலை முன் உட்கார வையுங்கள். ஓலைக் கட்டின் கயிற்றை உருவுவதற்கு முன் ஒவ்வொரு ஏட்டையும் இருந்த வரிசையிலேயே படம் எடுத்து எண் போடுங்கள். வரிசை ஒருமுறை கலைந்தால் மீட்பது மிகக் கடினம். தூசியை மென்மையான பிரஷால் தட்டினால் போதும், மஞ்சளோ எண்ணெயோ நீங்களாகத் தடவ வேண்டாம்.

களத்துக்குப் போகும்போது வட்டக்கோட்டையிலிருந்து தொடங்குவது நல்லது. திருவிதாங்கூரின் எல்லை மதிலுக்குத் தெற்கே கடலோர முனை அது. திருவிதாங்கூர்ப் படைத்தலைவர் டிலனாய் காலத்தில் கருங்கல்லால் கட்டப்பட்டது. அங்கிருந்து வடக்கே ஆரல்வாய்மொழி மலைவரை மதில் எந்த வழியாகப் போயிருக்கும் என்று நிலத்தில் பாருங்கள். 1809 பிப்ரவரி 10-ல் கும்பினிப் படை இந்த மதிலைப் பிடித்தது முன்வாசலில் மோதி அல்ல, இரவில் தெற்கு மலைமேல் ஏறி. கணவாயின் நடுவில் நின்று இரண்டு பக்க மலைகளையும் பார்த்தால் காவல் எங்கே பலவீனமாக இருந்தது என்பது தெளியும். மண்மேடு கண்டதெல்லாம் கோட்டை மதில் என்று முடிவு கட்டாதீர்கள். குளக்கரையும் கால்வாய்க்கரையும் அப்படியே தோன்றும். பக்கத்தில் நீர்வழி இல்லாமல், மலையிலிருந்து மலைக்கு நேராகப் போகிறதா என்று பாருங்கள். இன்றைய மாவட்ட எல்லைக்கல்லைப் பழைய நாட்டு எல்லையாக எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கும் பிழை.

கல்வெட்டில் சுண்ணாம்போ மாவோ தேய்க்கக் கூடாது, எழுத்து அழியும். காலை ஏழு எட்டு மணிக்கும் மாலை ஐந்துக்கும் விழும் சாய்ந்த வெயிலில் படம் எடுங்கள். மண்டபத்துக்குள் இருட்டாக இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில், கல்லை ஒட்டிப் பிடியுங்கள். நேரே வெளிச்சம் அடித்தால் எழுத்து மறைந்துவிடும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். தாள் ஒட்டி மைப்படி எடுக்கத் தொல்லியல் துறையிடமும் கோயிலிடமும் அனுமதி வாங்க வேண்டும்.

ஊர்க்கதையும் வில்லுப்பாட்டும் வேண்டும். கணியாகுளம் போரில் விழுந்த வேணாட்டுப் படைத்தலைவர் இரவிக்குட்டிப்பிள்ளையின் பாட்டில் படை வந்த வழியும் ஊர்ப் பெயர்களும் அருமையாகக் கிடைக்கும். தேதிக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம்.

கடைசியில் இரண்டு ஆவணக்காப்பகங்களுக்கும் போயே ஆக வேண்டும். திருவிதாங்கூர் ஓலைச் சுருணைகள் (ஓலைக் கட்டுகள்) திருவனந்தபுரம் கோட்டைக்குள் உள்ள காப்பகத்தில், திருநெல்வேலிப் பக்கத்துக் கடிதங்கள் சென்னை எழும்பூரில். ஒரு பக்கம் மட்டும் படித்தவர் எழுதும் எல்லை வரலாறு அந்தப் பக்கத்தின் வழக்குரையாகத்தான் இருக்கும். சுங்கச் சவுக்கை (சுங்கச் சாவடி) பற்றித் தேடுகிறவர்கள் 1865-க்கு முன்னும் பின்னும் தனித்தனியே கேளுங்கள். அந்த ஆண்டு சென்னை அரசு, திருவிதாங்கூர், கொச்சி மூன்றும் செய்த வணிக உடன்பாட்டால் தரைவழிச் சுங்கம் பெரும்பாலும் நின்றது, சவுக்கைக் கணக்குகளும் அதோடு மெலிந்துவிடும். கோரிக்கைச் சீட்டில் ‘கன்னியாகுமரி மாவட்டம்’ என்று எழுதினால் ஊழியருக்குத் தேட வழியில்லை. கொல்லம் ஆண்டு, பழைய தாலுகா, பகுதி, ஊரின் அன்றைய பெயர் ஆகிய நான்கையும் எழுதிக் கொடுங்கள்.