மளிகை அறையில் சிப்பமும் டப்பாவும் வைக்கும் முறை

25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தரையில் வைக்காதீர்கள், சுவரில் சாய்க்கவும் வேண்டாம். ஐப்பசி மழையில் ஈரம் ஏறி அடி அரிசி கட்டி பிடிக்கும். அரையடி உயரப் பலகை போட்டு, சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

கடப்பாக்கல் தட்டுக்கு ஓரடி ஆழம் போதும். இரண்டடி என்றால் பின்வரிசைப் பருப்பு கண்ணில் படாமலே வண்டு விழுந்துவிடும்.

கொள்ளு, துவரை, ராகியை வெயிலில் காயவைத்தால் நன்றாக ஆறவிட்டுத்தான் டப்பாவில் அடைக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். புதுப் பருப்பைப் பழசின் மேல் கொட்டவே கூடாது. வண்டு மொத்தத்துக்கும் பரவும்.

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை ஈரத்தை இழுக்கும், இறுக்கமான மூடி அவசியம். சோப்பு வேறு அறையில் இருக்கட்டும். அரிசி அந்த வாசனையை வாங்கிக்கொள்ளும்.