கார் பாடித் தகட்டைக் கையால் உருவாக்கும் முறை

ஒரு திசையில் மட்டும் வளையும் தகட்டை ஒரு குழாயின் மீது அழுத்தியே வளைத்துவிடலாம். மட்கார்டைப் போல இரு திசைகளிலும் வளையும் பகுதிக்கோ தகட்டின் பரப்பையே மாற்றியாக வேண்டும்: ஓரிடத்தில் அது நீண்டு மெலிய வேண்டும், வேறிடத்தில் சுருங்கித் தடிக்க வேண்டும். எங்கே எது என்பதைத் தெளிவாக அறியாமல் சுத்தியலை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதைக் காகிதத்தால் அறியலாம். பழைய பேனலின் மீதோ, பிளைவுட்டில் செய்த மாதிரிச் சட்டத்தின் மீதோ தடித்த காகிதத்தைப் படிய வைத்தால், மடிப்பு விழும் இடத்தில் தகட்டைச் சுருக்க வேண்டும். கத்தரித்து விரித்தால்தான் படியும் என்ற இடத்தில் நீட்ட வேண்டும். இக்குறிகளைத் தகட்டில் வரைந்து, சுற்றிலும் 20 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள். ஓரத்துப் பிசிறை அரத்தால் முழுவதும் தேய்த்துவிட வேண்டும். வெடிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

மென் எஃகாயின் 0.9 மி.மீ., அலுமினியமாயின் 1.2 மி.மீ. தடிமன் கைவேலைக்கு ஏற்றது. துத்தநாகம் பூசிய தகட்டைச் சூடாக்கினால் நச்சுப்புகை எழும் என்பதால் அதை விலக்குங்கள். காதடைப்பும் கண்ணாடியும் கட்டாயம்.

நீட்ட வேண்டிய இடத்தை மணல் நிரப்பிய தோல் பையின் மீது வைத்து, உருண்டை முகக் கொட்டாப்புளியால் நெருக்கமாக, ஒரே விசையில் தட்டுங்கள். அப்போது ஓரத்தில் எழும் சுருக்கங்களைத் தொல்லையாகக் கருத வேண்டாம். அவை ஒன்றன்மேல் ஒன்று மடிந்துவிடாமல், மரக்கட்டையின் மீது மரச்சுத்தியலாலேயே பொறுமையாக அமர்த்தினால், ஓரம் தானாகவே சுருங்கிவிடும். இரும்புச் சுத்தியல் அங்கே தகட்டை மீண்டும் நீட்டிவிடும்.

தட்டத் தட்டத் தகடு இறுகும். அலுமினியத்தை இளக்கச் சலவைக் கட்டியைத் தேய்த்து, அந்தப் பூச்சு கரும்பழுப்பாகும் வரை மட்டும் சூடாக்குங்கள். அலுமினியம் நிறம் மாறிக் காட்டாமலே 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்.

வடிவம் வந்தபின், அடியில் டாலி என்னும் கைக்கடக்கமான இரும்புக் கட்டையைப் பிடித்து மென்மையாகத் தட்டி மேற்பரப்பைச் சமன் செய்க. சுத்தியலும் டாலியும் நேருக்கு நேர் சந்தித்தால் ஓசை கணீரென்று ஒலிக்கும். அரத்தை மெல்ல இழுத்தால் பள்ளங்கள் மட்டும் கீறல்படாமல் தெரியும். அவற்றைப் பட்டி பூசி மறைப்பதைவிட அடியிலிருந்து உயர்த்துவதே முறை.

ஓரங்களை மடிப்பதைக் கடைசிக்கு வையுங்கள். மடித்த ஓரம் வடிவத்தைப் பூட்டிவிடுவதால், அதன்பின் நடுப்பகுதியைத் திருத்துவது மிகக் கடினம்.