ஆங்கிலோ-சாக்சன் சமூகத்தை வாசிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ஆங்கிலோ-சாக்சன்கள் ஜெர்மானியக் குடிகளிலிருந்து வந்து இங்கிலாந்தில் பல சிறு நாடுகளை ஆண்டவர்கள். கி.பி. 600-700 காலத்து அவர்களைப் பற்றி எழுதப் புகுபவர்கள் பலர் முதலில் தேடுவது ரோமானியரான டாசிடஸின் ‘ஜெர்மானியா’வை. அதுவே முதல் தவறு. அது கி.பி. 98இல், ரைன் நதிக்கு அப்பால் வாழ்ந்த குடிகளைப் பற்றி ரோமானியர்களுக்காக எழுதப்பட்டது. நடுவே ஐந்நூறு ஆண்டுகள் இருக்கின்றன. ஆங்கிலோ-சாக்சன் அரசர்களின் சட்டங்களையும், பீட் என்ற துறவி 731இல் எழுதி முடித்த திருச்சபை வரலாற்றையும் முதலில் படியுங்கள்.

அடுத்தது, ஆண்கள் எல்லோரையும் போர்வீரர்களாக நினைத்துக்கொள்வது. 679இல் டிரென்ட் ஆற்றங்கரைப் போரில் காயம்பட்டுப் பிடிபட்ட இம்மா என்ற இளைஞன், ‘நான் ஏழைக் குடியானவன், கல்யாணமானவன், படைக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன்’ என்று சொல்லித் தப்பப் பார்த்தான். முகமும் நடையுடையும் பேச்சும் அவனைக் காட்டிக்கொடுத்தன. உயிர் பிழைத்தான், ஆனால் லண்டனில் ஒரு ஃபிரிசிய (இன்றைய நெதர்லாந்துக் கடலோர) வியாபாரியிடம் விற்கப்பட்டான். இந்த ஒரு சம்பவத்திலேயே எல்லாம் இருக்கிறது: படைக்குச் சோறு சுமப்பவன் வேறு, போரிடுபவன் வேறு, பிரபுவும் ஒரே நாளில் அடிமையாகலாம்.

அந்தஸ்தை அளக்க அவர்களிடமே கணக்கு இருந்தது. அதன் பெயர் வெர்கில்ட், கொல்லப்பட்டவனின் உறவினருக்குக் கட்டவேண்டிய உயிர்விலை. வெசெக்ஸ் அரசன் ஈனேயின் சட்டத்தில் அது சாதாரணக் குடிமகனிலிருந்து பிரபு வரை 200, 600, 1200 ஷில்லிங் என மூன்று படி. கென்ட் நாட்டில் சாதாரணக் குடிமகனுக்கு 100தான். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: கென்ட் குடியானவன் வெசெக்ஸ்காரனில் பாதி மதிப்புள்ளவன் என்று எழுதிவிடுகிறார்கள். ஷில்லிங் என்ற பெயர்தான் ஒன்று. கென்ட் ஷில்லிங்கின் மதிப்பு பல மடங்கு அதிகம். ஒரு நாட்டுச் சட்டத்தின் எண்ணை அந்த நாட்டு எண்ணோடு மட்டுமே ஒப்பிடுங்கள். கென்ட் அரசன் ஈதல்பெர்ட்டின் சட்டத்தில் கட்டைவிரலை வெட்டினால் 20 ஷில்லிங், அதன் நகம் போனால் 3.

படை என்றதும் ஆயிரங்களை எழுதாதீர்கள். ஈனேயின் சட்டப்படி ஏழு பேர் வரை திருடர்கள், ஏழிலிருந்து முப்பத்தைந்து வரை கும்பல், அதற்கு மேல் போனாலே படை.

அரியணை மூத்த மகனுக்கு என்பது பிற்காலத்து வழக்கம். அரச வம்சத்தில் பிறந்திருக்க வேண்டும், படை நடத்தும் வயதும் ஆதரவும் இருக்க வேண்டும். பின்னாளிலும் இப்படித்தான்: 871இல் வெசெக்ஸ் அரசன் ஈதல்ரெட் இறந்தபோது அவனுக்கு மகன்கள் இருந்தார்கள், சிறுவர்கள். டேனியப் படை நாட்டுக்குள் நின்ற நேரம். தம்பி ஆல்ஃபிரெட் அரசனானான். 899இல் ஆல்ஃபிரெட் இறந்ததும் அந்தச் சிறுவர்களில் ஒருவன், ஈதல்வோல்ட், ஆட்சிக்கு உரிமை கோரிக் கிளர்ந்தான். தலைமுறை வரைபடத்தில் தந்தைக்கும் மகனுக்கும் மட்டும் கோடு போட்டால் இது புரியவே புரியாது.

மதத்தில்தான் பெரிய பிழை நடக்கிறது. 597இல் ரோமிலிருந்து மதம் பரப்ப அகஸ்டின் என்ற துறவி கென்ட்டுக்கு வந்தார், நாடு கிறிஸ்தவமானது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஈதல்பெர்ட்டின் மனைவி பெர்த்தா ஃபிராங்க் நாட்டுக் கிறிஸ்தவப் பெண். அகஸ்டின் வருமுன்பே அரச குடும்பத்தில் அந்த வழிபாடு இருந்தது. ஈதல்பெர்ட்டின் சட்டம் அரசன் பொருளைத் திருடினால் ஒன்பது மடங்கும், பிஷப் பொருளைத் திருடினால் பதினொரு மடங்கும் கட்டச் சொன்னது. அவ்வளவு உயரத்தில் ஏறிய திருச்சபையையே, 616இல் அவன் இறந்ததும் பட்டத்துக்கு வந்த மகன் ஈட்பால்ட் சிறிது காலம் ஒதுக்கிவைத்தான். அரசன் மாறினால் வழிபாடும் ஆட்டம் காணும்.

இரண்டையும் சேர்த்துப் பிடித்தவர்களும் இருந்தார்கள். கிழக்கு ஆங்கிலியா நாட்டு அரசன் ரெட்வால்ட் கென்ட்டில் ஞானஸ்நானம் பெற்றவன். ஊர் திரும்பியதும் ஒரே கோயிலில் கிறிஸ்துவுக்கு ஒரு பலிபீடமும், பழைய தெய்வங்களுக்கு ஒரு சிறு பலிபீடமும் வைத்தான். பீட் இதைக் கடிந்தே எழுதுகிறார். சிறுவயதில் அந்தக் கோயிலைத் தன் கண்ணால் பார்த்ததாக அதே நாட்டின் பிற்கால அரசன் ஆல்ட்வுல்ஃப் சொன்னதையும் அவரே பதிவு செய்கிறார்.