நோயின் பெயருக்கு முன் இடத்தைக் கண்டுபிடியுங்கள்: நரம்பியலில் மருத்துவ மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ரெண்டு காலும் மரத்துப்போச்சு, நடக்க முடியல" என்று நோயாளி சொன்ன உடனே மாணவர்கள் நோயின் பெயரைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன. மூளையா, தண்டுவடமா, நரம்பு வேரா, புற நரம்பா, தசையா என்று முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள். என்ன நோய் என்பதை, அது வந்த வேகம் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். நொடிகளில் வந்தால் ரத்தக்குழாய், நாட்களில் வந்தால் அழற்சி அல்லது தொற்று, மாதக்கணக்கில் வளர்ந்தால் கட்டி அல்லது சிதைவு.

தண்டுவடத்தில் நடக்கும் தவறு எனக்கு மிகவும் கவலை தருவது. வயது வந்தவர்களுக்குத் தண்டுவடம் முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்கள் மட்டுமே. இரு கால்களும் விறைத்து, முழங்கால் ரிஃப்ளெக்ஸ் (தட்டினால் கால் தானாக உதறுவது) தூக்கலாக இருந்து, உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே எழும்பினால், அவை வேர்களின் அல்ல, தண்டுவடப் பாதிப்பின் அடையாளங்கள். அப்படிப்பட்டவருக்கு இடுப்பு எம்.ஆர்.ஐ. மட்டும் எழுதிக்கொடுத்தால் காரணம் அதில் சிக்காது. ஆனால் வயதானவர் என்றால் ஏதாவது ஒரு டிஸ்க் பிதுக்கம் தெரியும். அதையே காரணமாக எழுதிவிட்டால், முதுகின் நடுவில் தண்டுவடத்தை அழுத்தும் கட்டியோ காசநோயோ கவனிக்கப்படாமல் போய்விடும். தொப்புள் மட்டத்து உணர்வு டி10, அதாவது பத்தாவது மார்புத் தண்டுவடப் பகுதியைச் சேர்ந்தது என்பது எல்லோருக்கும் மனப்பாடம். தொப்புளுக்குக் கீழே உணர்வில்லை என்றால் பாதிப்பு டி10-க்கு மேலேயும் இருக்கலாம் என்பதுதான் மறந்துபோகிறது.

தண்டுவடம் திடீரென அடிபட்டால் தொடக்கத்தில் கால்கள் துவண்டு, ரிஃப்ளெக்ஸும் இருக்காது. அதைப் பார்த்துவிட்டு, நரம்பு வேர்களையும் புற நரம்புகளையும் தாக்கும் கியான் பாரே நோய் என்று எழுதுவார்கள். சிறுநீர் தொடக்கத்திலேயே அடைத்துக்கொண்டதா, உடலில் ஒரு கோடு போட்டதுபோல் உணர்வு நிற்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டும் இருந்தால் தண்டுவடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முகம் கோணினால் நெற்றியைச் சுருக்கச் சொல்லுங்கள். பெருமூளைப் பக்கவாதத்தில் நெற்றி பொதுவாகத் தப்பிவிடும். முக நரம்பே பழுதானால் நெற்றி சுருங்காது, கண்ணும் சரியாக மூடாது. மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் வரும் பக்கவாதமும் சில சமயம் இதே தோற்றத்தில் வரும் என்பதால், கண் அசைவையும் கை கால் பலத்தையும் பார்க்காமல் பெல்ஸ் பால்ஸி (முக நரம்பு மட்டும் செயலிழப்பது) என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

பெங்களூரில் படிக்கும் நம் பிள்ளைகள் பேச்சுப் பரிசோதனையில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து வருகிறவர்களும், அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்களும் இங்குள்ள வார்டுகளில் இருக்கிறார்கள். கன்னடத்திலோ இந்தியிலோ கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்பதற்காக 'நினைவுக் குழப்பம்' என்று எழுதுவது அநியாயம். மூளையில் பேச்சைப் புரிந்துகொள்ள உதவும் வெர்னிக்கி பகுதி பாதிக்கப்பட்டவர் தங்குதடையின்றிப் பேசுவார், ஆனால் பொருள் இருக்காது. வீட்டு மொழியில் கேட்டால்தான் இது பிடிபடும். "கண்ணை மூடுங்க, ஐயா" என்று சொல்லும்போது நீங்களும் கண்ணை மூடிக் காட்டாதீர்கள், அவர் உங்களைப் பார்த்துச் செய்துவிடுவார். பேனாவைக் காட்டிப் பெயர் கேட்டபின் மூடியையும் முனையையும் தனித்தனியே கேளுங்கள். லேசான பாதிப்பு அங்கேதான் வெளிப்படும். எழுதச் சொல்லும் முன் எந்த மொழியில் படித்தார் என்று விசாரியுங்கள். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடம் மட்டுமே எழுதப் படித்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

பக்கவாதம் எப்போது வந்தது என்று குடும்பத்தாரிடம் கேட்பதிலும் கவனம் வேண்டும். "காலைல ஆறு மணிக்குப் பாத்தோம்" என்பார்கள். அது கண்டுபிடித்த நேரம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கான வழக்கமான 4.5 மணி நேரம், நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்காகிறது. ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தார், நடுவில் எழுந்து பாத்ரூம் போனாரா, அப்போது நடையும் பேச்சும் சரியாக இருந்தனவா என்று அவருடைய மனைவியிடம் கேளுங்கள். மூன்று மணிக்கு எழுந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார் என்று அந்த அம்மா சொன்னால், மருந்து கொடுக்க இன்னும் நேரம் இருக்கலாம்.