நாய் சொறிகிறதா? முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள்

மழைக்காலம் வந்தால் எங்கள் லயத்து இஸ்தோப்பில் படுக்கும் நாய்கள் இரவெல்லாம் 'டக் டக்'கென்று கால் தரையில் இடிக்கச் சொறியும். கேட்கவே பாவமாக இருக்கும்.

மருந்து தேடுமுன் இதைச் செய்து பாருங்கள். வாலடியில் பேன்சீப்பால் வாரி, உதிரும் கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைத்தாளில் போடுங்கள். செம்பழுப்பாகக் கரைந்து பரவினால் அது மண்ணல்ல, தெள்ளுப்பூச்சியின் எச்சம். அந்தச் சிவப்பு உங்கள் நாயின் இரத்தம். ஒவ்வாமையுள்ள நாய்க்கு ஓரிரு கடியே போதும், நாள்கணக்கில் அரிக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் தீராது. முட்டைகள் அது படுக்கும் சாக்கில்தான் உதிர்ந்து கிடக்கும். சாக்கைக் கொதிநீரில் ஊறவைத்து அலசி, வெயில் கண்டதும் காயப்போடுங்கள்.

காதோரத்திலும் முழங்கையிலும் முடி கொட்டிப் பொருக்குத் தட்டினால் சொறியாக இருக்கலாம். வீட்டாருக்கும் தொற்றி அரிக்கும். அதற்குத் தோலைச் சுரண்டி நுண்காட்டியில் பார்க்கும் மிருக வைத்தியர்தான் வேண்டும். கழிவு ஒயில் மட்டும் பூசவே பூசாதீர்கள், நக்கினால் நஞ்சு. பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து.