வடசென்னையில் வயலின் வாத்தியார் தேடுபவர்களுக்கு

முதலில் கர்நாடகமா, மேற்கத்தியமா என்று முடிவு செய்யுங்கள். கருவி ஒன்றுதான், ஆனால் கர்நாடகத்தில் தரையில் உட்கார்ந்து, தந்திகளை ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்து வாசிப்பார்கள். மேற்கத்தியத்தில் ஜி-டி-ஏ-இ, பெரும்பாலும் நின்றபடி. பாதியில் மாறினால் பிடிமானமே மாறும், கை குழம்பும்.

மேற்கத்தியத்துக்கு ராயபுரம், பெரம்பூர் பக்கத்து தேவாலயங்களில் ஞாயிறு பூசை முடிந்ததும் பாடகர் குழுவில் விசாரியுங்கள். கர்நாடகத்துக்குத் திருவொற்றியூர் கோயில் கச்சேரிகளில் பக்கவாத்தியம் வாசிப்பவரிடமே கேட்கலாம். வயலின் பழுது பார்ப்பவருக்கும் யார் ஒழுங்காகச் சொல்லித் தருகிறார் என்பது தெரியும்.

சேரும் முன் ஒரு வகுப்பு உட்கார்ந்து பாருங்கள். மாணவரின் வில் கோணலாகப் போனால், பாட்டை நிறுத்தித் திருத்துகிறாரா? வில் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு மரத்துண்டு) இணையாகப் போகாவிட்டால் ஒலி கீச்சிடும். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. முதல் மாதமே சினிமா பாட்டு என்பவரை நான் தவிர்ப்பேன். சரளி வரிசையில், அதாவது கர்நாடகத்தின் தொடக்க ஸ்வரப் பயிற்சியில், பொறுமை காட்டுபவரே மேல்.

வாத்தியார் அளவு சொல்லாமல் வயலின் வாங்காதீர்கள். குழந்தை அதைத் தோளில் வைத்து இடக்கையை நீட்டும்போது வயலின் கழுத்தின் நுனியில் உள்ள சுருள்முனை மணிக்கட்டைத் தொட்டால் போதும். அதைத் தாண்டினால் பெரிது. 8 வயதுக்குப் பெரும்பாலும் அரை அளவு சரிப்படும்.

கட்டணம் மாதத்துக்கா, வகுப்புக்கா? மழைக்கால விடுப்புக்கு ஈடு உண்டா? முன்கூட்டியே கேளுங்கள். மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள்.